பொட்டு வைத்த பக்கம்

கிழக்கே பார்த்து நின்று, வலது கையைத் தலைமேல் வைத்து, வாயிலிருந்த வெற்றிலையைக்கூடத் துப்பிவிட்டுச் செய்கிற சத்தியம் இது: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது. ஓர் எழுத்து கூட்டிச் சொல்லியிருந்தால், சொன்ன வாயிலுள்ள பல்செட் அடுத்த கல்யாணப் பந்தியில் பாலடைப் பிரதமன் பாயசத்துக்குள் விழுந்து, பரிமாறுகிறவன் கரண்டியில் ஏறி, சம்பந்தி இலையில் இறங்கட்டும். சத்தியம் போதும். விஷயத்துக்கு வரலாம்.

திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் தங்கபாண்டியின் மொத்த அரிசிக் கடை. அதன் மாடியில் சிவதாணுவின் ரெக்கார்டிங் ஸ்டுடியோ. கீழே மட்டை அரிசியும் பொன்னியும். மேலே கீர்த்தனையும் பஜனையும் ரேடியோ விளம்பரமும். படியேறி வருகிற பாட்டுக்காரர்கள் பாதிப் படியில் ஒரு முறை தும்முவார்கள். அரிசித் தூசி. தும்மினால்தான் தொண்டை திறக்கும் என்று சிவதாணு சமாதானம் சொல்லுவார். அறுபத்து மூன்று வயது. அதில் முப்பது வருடம் பிறத்தியார் குரலைக் கேட்டே கழிந்தது.

அவரிடம் மூன்று மைக் இருந்தன. மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்.

முதலாவது வெல்வெட். ரிப்பன் மைக். உள்ளே சிகரெட் தாளைவிட மெல்லிய ஒரு தகடு தொங்கி ஆடும். குரலில் கூர்மையாக இருப்பதையெல்லாம் மழுக்கி, வெண்ணெய் தடவி அனுப்பும். ஒருமுறை ஒரு வீட்டுக்காரர், வீட்டைக் காலி செய்யாத குடித்தனக்காரரை மிரட்டி ஒரு பேச்சை வெல்வெட்டில் பதிந்து அனுப்பினார். அதைக் கேட்ட குடித்தனக்காரர் கண்கலங்கி, ஒரு சீப்பு ஏத்தம்பழத்தோடு நேரில் வந்து, இன்னும் இரண்டு வருடம் தங்கச் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது ஏட்டு. டைனமிக் மைக், மேடைக்கும் கரகரத்த தொண்டைக்கும் ஏற்றது. மேல் ஸ்தாயியில் மினுமினுப்பு கிடையாது, நடுவில் கெட்டி. தள்ளி நின்று யார் என்ன சத்தம் போட்டாலும் காதில் போட்டுக்கொள்ளாது. வாயருகே வருகிறவனின் வாக்குமூலத்தை மட்டும் எழுதிக்கொள்ளும். ஒருநாள் ஜன்னலிலிருந்து நழுவி, கீழே போன தேங்காய் வண்டியில் விழுந்தது. ஏழு தேங்காய் உடைந்தது. ஏட்டுக்குச் சிராய்ப்புகூட இல்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேர்ந்திருந்ததும் ஏழுதான் என்று வண்டிக்காரன் மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

மூன்றாவது ஜட்ஜி. கண்டன்சர் மைக், ஜெர்மனியில் செய்தது. அதற்கு எல்லாம் கேட்கும். மூச்சு, எச்சில், காலையில் தின்ற புட்டு. ஒரு மதியம் யாரும் பாடாத நேரத்தில் நறநறவென்று ஒரு சத்தம் அதில் பதிவாயிற்று. சிவதாணு கீழே இறங்கிப் போய், வலப்பக்க அடுக்கில் கீழிருந்து மூன்றாவது மூட்டையில் வண்டு என்றார். பிரித்துப் பார்த்தார்கள். இருந்தது. அன்றுமுதல் தங்கபாண்டி மாதம் ஒருமுறை மாடிக்கு வந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சரக்கைச் சோதிப்பார்.

ஜட்ஜியின் முகத்தில் கம்பெனியின் பெயர்த் தகடு ஒன்றும், அதற்குக் கீழே அரிசி அளவில் ஒரு சுவிட்சும் உண்டு. சுவிட்சை இதயக் குறியில் வைத்தால் முகத்துக்கு நேரே நிற்பவரின் குரல் மட்டும் முழுதாக ஏறும். முதுகுப்பக்கம் நிற்பவர் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல் மெலிந்துவிடுவார். வட்டக் குறியில் வைத்தால் முகம் முதுகு என்ற பேதமே கிடையாது, எல்லாத் திசையும் அதற்குச் சமம். முந்தின வருடம் நவராத்திரிக்கு பஜனைக்காரர்கள் எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து பாடியபோது சிவதாணு அதை வட்டத்தில் வைத்தார். ஒற்றைக் குரல் என்றால் அவருக்கு எப்போதும் இதயம்தான்.

அந்த பஜனை முடிந்த மறுநாள் ஆயுத பூஜை. சாலையில் அன்றைக்குத் தராசு, சாக்கு ஊசி, ஸ்கூட்டர் என்று எதுவும் பொட்டில்லாமல் இருக்காது. சிவதாணுவின் மனைவி சரசம்மாவும் கிண்ணத்தோடு மாடிக்கு வந்து, ஜட்ஜியின் பெயர்த் தகட்டின்மேலேயே சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். சிவதாணு குதித்தார். ஜெர்மனிக்காரன் பெயர் மறைந்துவிட்டதாம். வேட்டி நுனியால் தகட்டைப் பளபளவென்று துடைத்தார். கீழே வழிந்தது வழிந்தபடி காய்ந்தது. அடுத்த வருடப் பூஜைக்குச் சரசம்மா வாயே திறக்கவில்லை. பெயர் இல்லாத இடமாகப் பார்த்துப் பொட்டை வைத்துவிட்டு இறங்கிப் போனாள். பொட்டு இருப்பதுதானே முகம். சிவதாணு மைக்கைத் திருப்பி, பொட்டு பாடுகிறவரைப் பார்க்கும்படி மாட்டினார்.

இந்தச் சமயத்தில்தான் ராகேல் டீச்சர் வந்தார்.

டீச்சருக்கு வீடு நேமத்தில், சொந்த ஊர் பாறசாலைக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடத்தில் கணக்கு. சபையின் பாடகர் குழுவில் இருபத்தாறு வருடமாகக் கிறிஸ்துமஸ் தனிப்பாட்டு அவருடையது. அவர் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. மாலையில் அவர் பாடிக்கொண்டிருந்தால் ஐந்தரை மணி பாசஞ்சர் அவருடைய சுருதி பார்த்துத்தான் ஹாரன் அடிக்கும். அந்த வருடம் தனிப்பாட்டைப் பதிவுசெய்து வைக்கவேண்டும் என்று குழுவில் ஆசைப்பட்டார்கள். நவம்பரில் ஒரு சனிக்கிழமை டீச்சர் வந்து, பாதிப் படியில் தும்மி, உள்ளே நுழைந்து, எந்தப் பக்கம் பார்த்துப் பாடவேண்டும் என்று கேட்டார்.

"பொட்டுப் பக்கம்" என்றார் சிவதாணு.

"நான் பொட்டைப் பாத்துப் பாடினா கர்த்தர் கோவிக்கமாட்டாரா அண்ணாச்சி?"

"கோவிச்சா ரெக்கார்டிங்ல கேக்கும் டீச்சர். ஜட்ஜி எதையும் விடாது."

ஒரே சரணத்தை மூன்று மைக்கிலும் பாடினார். யாருக்கு எந்த மைக் பொருந்தும் என்று முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது சிவதாணுவின் வழக்கம். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வெல்வெட்டில் டீச்சரின் குரல் சூடான சாதத்தில் நெய் இறங்குவதுபோல் இறங்கியது. ஏட்டில் நிமிர்ந்து நின்றது. ஜட்ஜியில் மட்டும் எங்கோ தூரத்தில், அடுத்த தெருவில் யாரோ பாடுவதுபோல் இருந்தது.

மூன்று சாட்சியில் இரண்டு ஒன்றாகச் சொன்னால் வேறு யாராக இருந்தாலும் மூன்றாவது சாட்சியைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். சிவதாணு படவில்லை. வெல்வெட் முகஸ்துதி, ஏட்டுக்கு நுணுக்கம் தெரியாது, ஜட்ஜி சொன்னால் சொன்னதுதான் என்று டீச்சருக்கு விளக்கினார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தார். நோயாளியின் வீட்டாரிடம் பேசும்போது டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவாரே, அந்த மாதிரி.

"குரல்ல உடம்பு இல்ல டீச்சர். வயசுலா."

டீச்சர், குடிக்கக் கொடுத்திருந்த நாரங்காவெள்ளத்தை, எலுமிச்சைச் சாறுதான், மிச்சம் வைக்காமல் குடித்தார். நன்றி சொன்னார். குடையை எடுத்துக்கொண்டார். பாதிப் படியில் தும்மினார். அந்தத் தும்மல்கூட மெலிந்திருந்ததாகச் சிவதாணுவுக்குப் பட்டது.

அதன்பின் மூன்று வாரம் சிவதாணு நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். நல்ல மனிதர்கள் தப்புச் செய்துவிட்டுத் தூங்குகிற தூக்கத்துக்கு ஈடான தூக்கம் கிடையாது. டிசம்பர் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை, அது கெட்டது.

அன்று ஷிபு வந்திருந்தான். ஜவுளிக்கடை விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிற மலையாளி. சாலையில் வளர்ந்ததால் தமிழும் வரும், மலையாளத்தில் நனைந்து வரும். உள்ளே போனவன் ஜட்ஜியின் மறுபக்கம் போய் நின்றான். பொட்டுப் பக்கம் வரும்படி சிவதாணு சைகை காட்டினார். ஷிபு அசையவில்லை. மைக்கைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தான்.

"அண்ணாச்சி, இதுக்க முகம் இவிடெ அல்லே? பேரு இந்தப் பக்கம் எழுதியிருக்கே. பொட்டு வெச்சது முதுகுல."

சிவதாணு எழுந்து போய்ப் பார்த்தார். முப்பது வருடமாகத் தெரிந்த முகம். அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, முதுகுக்குப் பொட்டிட்டு, அதற்கு நேரே ராகேல் டீச்சரை நிறுத்தி, வயசு என்று தீர்ப்பும் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஷிபு விளம்பரத்தை வாசித்து முடித்துப் போனது அவருக்குத் தெரியாது. அந்த விளம்பரத்தில் பட்டுப்புடவைக்குப் பதில் பருத்தி என்று வந்திருந்ததும் ஜவுளிக்கடை திறந்து கூட்டம் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

தினமும் வீட்டுக்குப் போகும்போது கீழே தங்கபாண்டியின் மூட்டைத் தராசில் ஒரு நிமிடம் ஏறி நிற்பது சிவதாணுவின் பழக்கம். பதினோரு வருடமாக அறுபத்தெட்டு கிலோ. ஓணத்துக்கு மறுநாளும் அதே அறுபத்தெட்டு. அன்று எழுபத்திரண்டு காட்டியது. இறங்கி ஏறினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். எழுபத்திரண்டு.

தங்கபாண்டி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அண்ணாச்சி, மடியில ஏதும் பொன்னி போகுதா?"

வீட்டில் சரசம்மாவிடம் விசாரணை நடத்தப்போன சிவதாணு, ஐந்து நிமிடத்தில் பிரதிவாதியாகித் திரும்பினார்.

"பேரு மேல வைக்காதேன்னு தாண்டிக் குதிச்சது யாரு? நீங்கதாம்லா? பேரு இல்லாத பக்கம் வெச்சேன். அது முதுகுன்னு நான் என்னத்தைக் கண்டேன். முப்பது வருசமா அது மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்கது நீங்க."

சிவதாணு அதைச் சாப்பாட்டோடு விழுங்கினார். அப்போது சரசம்மா இன்னொன்றும் சொன்னாள். டீச்சரைக் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில் பார்த்தாளாம். டீச்சர் பாடகர் குழுவைவிட்டு விலகுகிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை நடுவில் அவருடைய கடிதம் வாசிக்கப்படும். தனிப்பாட்டு வேறு பெண்ணுக்கு. மூன்று வாரமாக வீட்டில் முணுமுணுப்புகூட இல்லையாம். ஐந்தரை மணி பாசஞ்சர் சுருதி தெரியாமல் அபஸ்வரமாக ஹாரன் அடிக்கிறது. நேமத்தில் பலரும் ரயில்வேக்குப் புகார் எழுதலாமா என்று யோசிக்கிறார்கள்.

மறுநாள் காலை தராசு எழுபத்தைந்து காட்டியது.

சொல்லிவிடவேண்டியதுதான் என்று சிவதாணு முடிவெடுத்தார். ஆனால் எப்படிச் சொல்வது? முப்பது வருடம் குரலை எடைபோட்டவர். தன் குரல் அந்த நேரத்தில் எப்படி வரும் என்று தெரியாமல் போகமுடியுமா? கதவைச் சாத்திக்கொண்டு மன்னிப்பை ஒத்திகை பார்த்தார். டீச்சர், என்மேல்தான் தப்பு, பொறுத்துக்கொள்ளவேண்டும். இவ்வளவுதான் வாசகம். மூன்று மைக்கிலும் பதிந்து, வரிசையாகப் போட்டுக் கேட்டார்.

வெல்வெட்டில் கேட்டபோது, தப்புச் செய்தது டீச்சர் போலவும், சிவதாணு பெரிய மனதோடு அவரை ஆசீர்வதிப்பது போலவும் இருந்தது. அழித்தார். ஏட்டில் கேட்டபோது, ஸ்டேஷனில் இரண்டு அறை வாங்கிய பிறகு கொடுத்த வாக்குமூலம். டீச்சர் ஜாமீனுக்கு ஆள் தேடுவார். அதையும் அழித்தார். ஜட்ஜியில், முகத்துக்கு நேரே நின்றே பதிந்திருந்தார். ஒவ்வொரு சொல்லும் துல்லியம். அந்தத் துல்லியத்தில், தப்பு என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு கேட்டது. யாராவது குறுக்கே வந்து "சேச்சே, பரவால்ல" என்று சொல்லமாட்டார்களா என்று காத்திருக்கிற மூச்சு. நாலு முறை கேட்டார். நாலு முறையும் இருந்தது. தன்னிடம் இப்படியொரு மூச்சு இருப்பது அறுபத்து மூன்று வயதுவரை அவருக்குத் தெரியாது.

ஆகவே சொல்லாமலே சரிசெய்ய ஒரு வழி கண்டுபிடித்தார். பிழை செய்தவர்கள் எல்லோரும் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சருக்கு ஃபோன் போட்டார். வெளிநாட்டிலிருந்து ஒரு புது மைக் பரிசோதனைக்கு வந்திருப்பதாகவும், பழைய மூன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த குரல் ஒன்று வேண்டுமென்றும் சொன்னார். டீச்சர் தன் தொண்டை தீர்ந்துபோன விஷயத்தை அவருக்கே ஞாபகப்படுத்தினார். சிவதாணு, பரிசோதனைக்கு அது போதும் என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. டீச்சர், உதவி என்று கேட்கிறீர்கள், வருகிறேன் என்றார். அன்று சாயங்காலம் சிவதாணு தராசுப் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு டீச்சர் வந்தார். அதற்குள் சிவதாணு பொட்டு பாடுகிறவரைப் பார்க்கும்படி ஜட்ஜியைப் பழையபடி மாட்டி, ஒரு வெள்ளைக் கர்சீப்பையும் தயாராக வைத்திருந்தார். புது மைக்கின் மேல் ஈரம் படாமல் போர்த்தவாம். டீச்சர் முதலில் வெல்வெட்டிலும் ஏட்டிலும் பாடினார். பிறகு சிவதாணு பொட்டைக் காட்டி ஜட்ஜி என்று பாடவைத்தார். டீச்சரைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, அந்த இடைவெளியில் மைக்கைத் திருப்பி, அடையாளம் தெரியாமல் கர்சீப்பைப் போர்த்தி, ஜட்ஜியைக் கழற்றி வைத்தாயிற்று, இதோ புதுசு என்றார். ஒரே சரணம் நாலு முறை. டீச்சர் நாலு முறையும் ஒரேபோலப் பாடினார். கணக்கு டீச்சர், விடை மாறாது.

பிறகு நம்பர் மட்டும் சொல்லி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

முதலாவதுக்கு டீச்சர் லேசாகச் சிரித்தார். "வெல்வெட். எனக்க தப்பு ஒண்ணும் வெளிய கேக்கல."

இரண்டாவது ஓடியதும், "இது ஏட்டு. போலீஸ் ஸ்டேஷன்ல நின்னு ஜெபம் பண்ணின மாதிரி இருக்கு" என்றார்.

மூன்றாவது, பொட்டுப் பக்கம் பாடியது. டீச்சரின் முகம் பாதி வரியிலேயே வாடிவிட்டது. பேர் சொல்லக்கூட இல்லை. கையை மட்டும் அசைத்தார், போதும் என்று. சிவதாணுவும் கேட்டார். ஒல்லியான, தூரத்துக் குரல். அதே குரல்தான்.

நாலாவதைப் போட்டார். மூடிய கண்ணுக்குள் டீச்சரின் விழி நின்றது. குரல் பக்கத்தில், மடியில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. கீழ் ஸ்தாயியில் நெஞ்சின் கனம். மேலே போனால் மணியின் ஓரம். ஸகாரம் வரும் இடத்தில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சின்னச் சுரீர். கீழே மூட்டை சுமக்கிறவர்கள் மூட்டையை இறக்காமலே நின்றதாகத் தங்கபாண்டி பின்னால் சொன்னார். மாடியில் ஹெட்ஃபோனில் ஓடியது கீழே எப்படிக் கேட்டது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

டீச்சர் கண்ணைத் திறந்தார். "இது யாரு?"

"நீங்கதான் டீச்சர்."

சிவதாணுவுக்கு அந்த நிமிடம் ஏழு கிலோ இறங்கியது. இவ்வளவுதான், முடிந்தது, யாரும் எதுவும் ஒப்புக்கொள்ளாமலே எல்லாம் நேராகிவிட்டது. நாரங்காவெள்ளம் வாங்கிவரலாமா என்று எழுந்தார். டீச்சர் கர்சீப் போர்த்திய மைக்கைப் பாடும் அறையின் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல மைக்கு. போன வருசம் ஸ்கூல் குரூப் போட்டோல எனக்கு இருபது வயசு குறைச்சு அடிச்சுத் தந்தான் ஒருத்தன். அது மாதிரிதானே அண்ணாச்சி இது? எனக்குப் பழைய ஜட்ஜி சொன்னது போதும். அது ஆளைப் பாத்து மாத்திச் சொல்லல்லியே."

பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். நாளைக்குச் சபையில் வாசிக்கிற கடிதம். எழுதி இரண்டு வாரம் ஆகிறது. தமிழில் பிழை ஏதாவது இருந்தால் திருத்தித் தரமுடியுமா என்று கேட்டார். கணக்கில் பிழை இருக்காது, தமிழுக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை என்றார்.

சிவதாணு வாசித்தார். சின்னக் கடிதம். பிழை இல்லை. இருபத்தாறு வருடம் பாட இடம் கொடுத்த தேவனுக்கு நன்றி, சபைக்கு நன்றி. அதற்குக் கீழே: "என் குரலின் நிலையை மறைக்காமல், உண்மையாக எடுத்துச் சொன்ன சகோதரர் சிவதாணுவுக்கு என் மனமார்ந்த நன்றி. அப்படிச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது."

உண்மையாக என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. அது நாளைக்கு நானூறு பேர் முன்னால் சத்தமாக வாசிக்கப்படும். மைக்கில் வாசிப்பார்கள். எந்த மைக்காக இருந்தாலும் அந்தச் சொல்லில் ஒன்றும் குறையாது.

சிவதாணு உள்ளே போனார். கர்சீப்பை எடுத்தார். ஜட்ஜியைப் பொட்டுப் பக்கம் திருப்பிக் காட்டினார். மறுபடி பெயர்ப் பக்கம் திருப்பிக் காட்டினார். வெளியே வந்து டீச்சரின் முன்னால் நின்றார். ஒத்திகை பார்த்த வாசகத்தில் ஒரு சொல்லும் ஞாபகம் வரவில்லை.

"டீச்சர், புது மைக்குன்னு ஒண்ணும் இல்ல. இது ஜட்ஜிதான். அன்னைக்கு உங்கள அதுக்க முதுகுக்குப் பாடவெச்சேன். பொட்டு தப்பான பக்கம் இருந்துச்சு, நான் பாக்கல. இன்னைக்குப் பொய் சொல்லி வரவெச்சேன்." இங்கே மூச்சு வாங்கினார். யாரும் குறுக்கே வந்து பரவாயில்லை என்று சொல்லவில்லை. "வயசுன்னு ஒண்ணு சொன்னேன் பாத்தியளா. அத எந்த மைக்கும் சொல்லல டீச்சர். நானாச் சொன்னது."

ஜட்ஜி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, எல்லாம் பதிவில் இருக்கிறது. கீழே மூன்றாவது மூட்டையில் வண்டு கடிப்பதை நிறுத்தியது முதற்கொண்டு கேட்கும்.

"மூணு வாரம்" என்றார் டீச்சர். "ஒரு கீர்த்தனை வாயில எடுக்கல்ல. ராத்திரி ஜெபத்துல பாட்டு வர்ற இடத்துல சும்மா வாயை அசைச்சேன். அதுவும் உங்களுக்க ஒரு பொட்டுக்கு."

சிவதாணு தலையை நிமிர்த்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீச்சர் திட்டவில்லை. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கடிதத்தை மடியில் விரித்து, சகோதரர் சிவதாணுவின் வரியை அடித்தார். ஓரத்தில் ஒரு சுழி போட்டார். அது விடைத்தாளில் தப்பான கணக்குக்குப் போடுகிற சுழி. பிறகு முழுக் கடிதத்தின் குறுக்கேயும் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து, நாலாக மடித்து, சிவதாணுவின் சட்டைப் பையில் வைத்தார்.

"இனி நீங்க பாடுங்க."

"நானா?"

"அதே சரணம். நாலு தடவை கேட்டாச்சே. முதல்ல முதுகுப் பக்கம் நில்லுங்க."

முப்பது வருடத்தில் சிவதாணு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பாடியதில்லை. பாடினார். டீச்சர் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டார். ஹெட்ஃபோனைக் கழற்றி, டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவதுபோல், மேஜையில் வைத்தார்.

"உடம்பு இல்ல அண்ணாச்சி. இனி முகத்துப் பக்கம் வாங்க."

முகத்துப் பக்கம் நின்று பாடினார். முன்னதைவிடக் கவனமாக, கொஞ்சம் நடுக்கத்தோடு. டீச்சர் கடைசி எழுத்துவரை கேட்டார்.

"இங்கயும் இல்ல" என்றார். "வயசுலா."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் ஒரு தும்மல். சாலை முழுக்கக் கேட்டது. எதிர்ச்சாரியில் பாத்திரக்கடையில் அடுக்கியிருந்த பித்தளைக் குடங்கள் ஒன்றுக்கொன்று முணுமுணுத்தன.

ஞாயிற்றுக்கிழமை சிவதாணுவும் சரசம்மாவும் டீச்சரின் சபைக்குப் போனார்கள். உள்ளே போகச் சிவதாணுவுக்குத் தைரியம் வரவில்லை. செருப்புகள் கிடக்கிற வாசலில் நின்றார். கடிதம் எதுவும் வாசிக்கப்படவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒத்திகை நடந்தது, டீச்சர் பாடினார். மாலை ஐந்தரை மணி பாசஞ்சர் நேமத்தைக் கடக்கும்போது சுருதி சுத்தமாக ஹாரன் அடித்ததென்று அந்த வண்டியில் வந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் வாசலில் நின்றவரை வெளியே வந்த டீச்சர் பார்த்தார், தலையசைத்தார், சரசம்மாவோடு மட்டும் பேசினார். அது இன்றைக்கும் அப்படித்தான். திங்கட்கிழமை தராசு அறுபத்தொன்பது காட்டியது. பழைய அறுபத்தெட்டுக்கு அது இறங்கவே இல்லை. அந்த ஒரு கிலோவைச் சிவதாணு யாரிடமும் குறைத்துக் கேட்கவுமில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள், சரசம்மா ஜட்ஜியை ஈரத்துணியால் துடைத்து, பெயர்த் தகட்டுக்குக் கீழே கல்லாய் இறுகிப்போயிருந்த பழைய சந்தனத்தைச் சாக்கு ஊசியால் கெல்லி எடுத்தபோது, அடியிலிருந்த சுவிட்ச், பஜனை நாளில் வைத்த இடத்திலிருந்து இம்மியும் அசையாமல், முகம் முதுகு பேதமில்லாத வட்டத்தில் இருந்தது.